நாலே முக்காலுக்கு இருட்டும் ஊரில்: குளிர்கால மனச்சோர்வைச் சமாளிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ரொறன்ரோவுக்கு வந்த மூன்றாவது தை மாதம். ஒரு சனிக்கிழமை, காலை பதினொரு மணியாகியும் நான் கட்டிலை விட்டு எழும்பவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா எடுத்தா. அங்கே இரவுச் சாப்பாடு முடிந்த நேரம்.

"இன்னும் படுக்கையிலையே? காய்ச்சலோ பிள்ளை?"

"இல்லையம்மா. பஞ்சியாக் கிடக்கு."

அந்த ஒரு சொல்லோடு கதை முடிந்தது. பஞ்சி என்றால் எங்கள் வீட்டில் சோம்பலும் அதுதான், அலுப்பும் அதுதான், மனமில்லாமையும் அதுதான். சொன்னால் கொஞ்சம் ஏச்சு விழும், பிறகு ஒருவரும் கேட்கமாட்டார்கள். முந்தின இரவு ஒன்பது மணிக்கே படுத்தவள் நான். பதினான்கு மணித்தியாலம் படுத்துக் கிடந்தும் கை கால் ஈயம் ஊற்றின மாதிரி. ஒரு மாதமாக சோறு, பாண், பணிஸ், மிக்சர் தவிர வேறொன்றிலும் வாய் போகவில்லை. மூன்று கிழமையாக அக்காவின் அழைப்புகளை எடுக்கவில்லை, எடுக்காத குற்ற உணர்ச்சியில் நாலாவது கிழமையும் எடுக்கவில்லை.

இரும்புச்சத்து குறைந்துவிட்டதாக்கும் என்று குடும்ப டொக்டரிடம் போனேன். அவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிவிட்டு, பேனையை மூடும்போது ஒரு கேள்வி கேட்டார்: "போன வருசம் இதே நேரம் எப்படி இருந்தீங்கள்?"

யோசித்தேன். போன வருசமும் இப்படித்தான். அதற்கு முந்தின வருசமும். அப்போதெல்லாம் புது நாடு, புது வேலை, வீட்டு நினைவு என்று ஒவ்வொரு காரணம் வைத்திருந்தேன். இரண்டு வருசமும் சித்திரை பிறந்த கையோடு நானாகவே சரியாகி, வைகாசிக் கடைசியில் தக்காளிக் கன்று வாங்க ஓடியிருக்கிறேன். ஒழுங்காக வந்து ஒழுங்காகப் போன ஒன்றை மூன்று வருசம் என் குணம் என்றே நினைத்திருந்தேன்.

நான் டொக்டர் இல்லை. பதினைந்துக்கு மேற்பட்ட குளிர்காலங்களில் எது எனக்குப் பிடிகொடுத்தது, எதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இருக்கிறது என்று தேடித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். ரொறன்ரோவை வைத்துத்தான் எழுதுகிறேன். லண்டனிலோ ஒஸ்லோவிலோ இருப்பவர்களுக்கு இருட்டு இன்னும் அதிகம், அதனால் எல்லாவற்றையும் கொஞ்சம் முந்தித் தொடங்கவேண்டும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

யாழ்ப்பாணத்தில் மார்கழி மாதத்து மிகக் குறுகிய பகலும் 11 மணித்தியாலம் 30 நிமிடத்துக்குக் குறையாது. ஆனியில் மிக நீண்ட பகலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுமேல். ரொறன்ரோவில் யூன் மாதம் 15 மணித்தியாலம் 27 நிமிடம் பகல் இருக்கிறது. டிசம்பர் 21-இல் அது 8 மணித்தியாலம் 55 நிமிடமாகச் சுருங்கிவிடும். ஆறரை மணித்தியால வெளிச்சத்தை எடுத்துவிடுகிறார்கள். எங்கள் பாட்டன் பூட்டன் ஒருவருக்கும் இந்தக் கணக்கு பழக்கமில்லை.

பகலின் நீளம் ஒரு பக்கம். வெளிச்சத்தின் அளவு இன்னொரு பக்கம், அதைத்தான் நாங்கள் கவனிப்பதில்லை. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். இரவில் லைற் போட்ட வீட்டு ஹோலில் 100 முதல் 300 லக்ஸ் வரை இருக்கும். நல்ல ஒஃபிசில் 500. முகில் மூடின குளிர்காலப் பகலில் கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். வெயில் எறிக்கும் கோடைப் பகலில் ஒரு லட்சத்தைத் தொடும். உள்ளேயிருந்து பார்க்க வீடு வெளிச்சமாகத்தான் தெரியும், ஏனென்றால் கண்மணி விரிந்து சரிக்கட்டிவிடுகிறது. உடம்புக் கடிகாரத்தை அப்படி ஏமாற்ற முடியாது.

கண்ணின் விழித்திரையில், பார்ப்பதற்கென்று இல்லாமல் வெளிச்சத்தின் அளவை மூளைக்குச் சொல்வதற்கென்றே சில கலங்கள் இருக்கின்றன. இவை எப்படி வேலை செய்கின்றன என்பது 2002-இல்தான் தெளிவானது. அந்தச் செய்தி மூளையின் அடியில் இருக்கும் ஒரு சின்னக் கடிகாரத்துக்குப் போகிறது. அந்தக் கடிகாரம் தானாக விட்டால் 24 மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடும், காலை வெளிச்சம் பட்டால்தான் தினமும் சரியான நேரத்துக்குத் திரும்பும். காலையில் இருட்டோடு வேலைக்குப் போய், யன்னல் இல்லாத தொழிற்சாலையில் எட்டு மணித்தியாலம் நின்று, மாலையில் இருட்டோடு வீடு வந்தால் அதைத் திருப்பி வைக்க ஒன்றுமில்லை. நித்திரையை வரவைக்கும் ஹோர்மோன் காலை எட்டு மணிக்கும் உடம்பில் நிற்கும். நீங்கள் எழும்பி நடமாடுவீர்கள், உடம்பு இன்னும் நடுச்சாமத்தில் இருக்கும்.

இதற்கு மருத்துவத்தில் பருவகால மனச்சோர்வு என்று பெயர் வைத்தவரும் வெயில் நாட்டிலிருந்து வந்தவர்தான். நோர்மன் ரோசென்தால் தென்னாபிரிக்காவின் ஜோகனஸ்பேர்க்கில் பிறந்து 1976-இல் மனநல மருத்துவப் பயிற்சிக்காக நியூயோர்க் வந்தவர். அங்கே முதல் குளிர்காலத்தில் தன் உற்சாகம் வற்றிப்போவதைத் தானே கவனித்தார். பிறகு அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் சேர்ந்து, 1984-இல் 29 நோயாளிகளின் விபரத்தோடு பருவகால மனச்சோர்வைப் பற்றிய முதல் விரிவான கட்டுரையைத் தன் குழுவினரோடு வெளியிட்டார். இதைப் படித்தபோது எனக்கு ஒரு சின்ன நிம்மதி. தென்னாபிரிக்க டொக்டருக்கே வந்திருக்கிறது, எனக்கு வந்ததில் என்ன அதிசயம்.

முதல் படி: இது எந்த வகை என்று பாருங்கள்

வழக்கமான மனச்சோர்வில் பலருக்கு நித்திரை குறையும், சாப்பாடு இறங்காது. குளிர்கால வகையில் பெரும்பாலும் நேர்மாறு. நித்திரை கூடும், மாப்பொருளில் ஆசை கூடும், நிறை ஏறும், கை கால் கனக்கும், ஆட்களைக் காணப் பிடிக்காது. ஒக்ரோபர், நவம்பரில் தொடங்கி மார்ச், ஏப்ரிலில் விட்டுப்போகும். குறைந்தது இரண்டு வருசம் அடுத்தடுத்து இதே ஒழுங்கில் வந்திருந்தால்தான் மருத்துவர்கள் இந்தப் பெயரைச் சொல்வார்கள். அந்த அளவுக்குப் போகாத, வேலைக்குப் போய் வரக்கூடிய, ஆனால் உள்ளே மங்கின நிலையும் இருக்கிறது. கீழே சொல்வது பெரும்பாலும் அவர்களுக்கும் உதவும்.

உங்களுக்கு நினைவில்லையென்றால் உங்கள் கைபேசிக்கு நினைவிருக்கும். போன மூன்று தை மாதத்துப் படங்களைத் திறந்து பாருங்கள். மற்ற மாதங்களில் நூற்றுக்கணக்கில் படம் இருக்க, எனக்கு அந்த மாதங்களில் நாலோ ஐந்தோதான் இருந்தது. அதிலும் இரண்டு மளிகைக்கடைப் பற்றுச்சீட்டு.

இன்னொரு விசயம். வெளிச்சக் குறைவை விட்டுப் பார்த்தாலும் எங்கள் ஆட்களுக்கு நவம்பர் கனமான மாதம். போரில் இறந்தவர்களின் நினைவுகூரல், அவர்களின் படங்கள், பழைய ஊர்க் கதை எல்லாம் அந்தக் கடைசிக் கிழமையில் வந்து சேரும். அந்தத் துக்கத்தை லைற் போட்டு மாற்ற முடியாது, மாற்றவும் தேவையில்லை. ஆனால் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும்போது எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்கவேண்டும். டொக்டரிடம் போனால் இரண்டையும் சொல்லுங்கள். போர்க்கால நினைவுகளால் வருசம் முழுக்க நித்திரை கெடுகிறவர்களுக்கு வைத்தியம் வேறு.

இரண்டாம் படி: செப்ரெம்பரிலேயே தொடங்குங்கள்

தை மாதம் கிணற்றுக்குள் விழுந்த பிறகு ஏணி தேடுவது கஷ்டம். அந்த நேரம் ஒரு விளக்கு வாங்குவதற்கான கடையைத் தேடவே மனம் வராது. உடம்பில் தெம்பு இருக்கும் செப்ரெம்பர் கடைசியிலேயே எல்லாவற்றையும் ஆயத்தப்படுத்தி வையுங்கள்.

நாட்காட்டியில் மூன்று இடத்தைக் குறியுங்கள். ஒன்று, நவம்பர் முதல் ஞாயிறு. அன்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள். சனிக்கிழமை ஆறு மணி சொச்சத்துக்கு மறைந்த சூரியன் அடுத்த நாள் ஐந்து மணிக்கே மறையும். ஒரே நாளில் மாலை பறிபோகும் அந்தக் கிழமையில்தான் பலர் சரிகிறார்கள். இரண்டாவது, டிசம்பர் 10 சுற்று. அப்போதுதான் மாலை மிக முந்தி, 4 மணி 40 நிமிடத்துக்கு, இருட்டத் தொடங்கும். அதன் பிறகு மாலை நீளத் தொடங்கிவிடும், டிசம்பர் 21 வரை காத்திருக்கத் தேவையில்லை. மூன்றாவது, தை பிறக்கும் முன் உள்ள நாட்கள். காலை விடியல் மிகப் பிந்துவது சனவரி முதற்கிழமையில்தான், 7 மணி 51 நிமிடத்துக்கு. மாலை நீள, காலை இன்னும் சுருங்குகிற இந்தக் குழப்பமான மூன்று கிழமைதான் எனக்கு மிக மோசம். தெரிந்து வைத்திருந்தால் பயம் குறைகிறது. தைப்பொங்கலன்று பார்த்தால் பகல் 20 நிமிடமளவு கூடியிருக்கும். பானை பொங்கும்போது நான் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவதில்லை.

மூன்றாம் படி: காசு செலவில்லாத வெளிச்சம்

எழும்பி ஒரு மணித்தியாலத்துக்குள், விடிந்திருந்தால், வெளியே போங்கள். இருபது நிமிடம் நடந்தால் போதும். முகில் மூடியிருந்தாலும் வெளியே வீட்டை விடப் பல மடங்கு வெளிச்சம் என்று மேலே சொன்னேன். விடியமுன் வேலைக்குப் போகிறவர்கள் முதல் இடைவேளையில், அல்லது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வாருங்கள். நான் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் சாப்பாட்டுப் பெட்டியை லஞ்ச் ரூமில் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, மிச்ச இருபத்தைந்து நிமிடமும் வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றி நடந்தேன். முதல் கிழமை கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். மூன்றாவது கிழமை சிகரெட் குடிக்க வெளியே நின்ற ஒரு அண்ணை, "தங்கச்சி, நானும் வாறன்" என்று சேர்ந்துகொண்டார்.

குளிருக்கு உடுப்பு முக்கியம், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். நடைக்கு நல்ல சப்பாத்து இல்லாவிட்டால் வழுக்கி விழுந்த அன்றோடு நடை முடிந்துவிடும். பனி கொட்டின மறுநாள் வெயில் எறித்தால் எப்படியாவது வெளியே போங்கள். புதுப் பனி தன்மேல் விழும் வெளிச்சத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் திருப்பி அடிக்கும். ரொறன்ரோவில் ஏரிப் பக்கமிருந்து வரும் முகிலால் நவம்பர், டிசம்பர்தான் மிக மங்கல். பெப்ரவரி அதைவிடக் குளிர், ஆனாலும் கண்ணுக்கு அது நல்ல மாதம்.

பேஸ்மென்ற்றில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். புதிதாக வந்த எங்கள் ஆட்களில் பாதிப்பேர் தொடங்குவது அங்கேதான். கூரையோடு ஒட்டின ஒரு முழ யன்னல், அதையும் பனி மூடிவிடும். நான் இருந்த வீட்டின் மேல்மாடியில் வீட்டுக்கார அக்கா ஒருவர் இருந்தார். ஒருநாள் குப்பைப் பெட்டி வைக்கும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, கீழ இருட்டுக்குள்ள இருந்து தேத்தண்ணி குடிக்காதை. மேல வா, யன்னலுக்குக் கிட்ட இருந்து குடி" என்றார். அவருடைய குசினி யன்னல் கிழக்குப் பார்த்தது. சனி ஞாயிறுகளில் ஒன்பது மணிக்கு நான் அங்கே போய்விடுவேன். அவருக்கு மருத்துவம் ஒன்றும் தெரியாது, ஆனாலும் அந்தக் கதிரையை யன்னல் பக்கம் திருப்பி வைத்தார். மேலே கேட்க வெட்கமென்றால் உள்ளூர் நூலகத்தின் யன்னலோரக் கதிரை யாரும் கேட்காமல் கிடைக்கும்.

நான்காம் படி: வெளிச்சப் பெட்டி

விடியமுன் எழும்புகிறவர்களுக்கு நடை போதாது. அவர்களுக்குத்தான் இந்த விளக்கு. குளிர்கால மனச்சோர்வுக்கு நன்றாக ஆராயப்பட்ட சிகிச்சைகளில் இதுவும் ஒன்று, ஆனாலும் வாங்கினவர்களில் பலர் பிழையாகப் பாவித்துவிட்டுச் சரிவரவில்லை என்று பேஸ்மென்ற்றில் போட்டுவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், யார் டொக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் கண் டொக்டரைக் கேட்கவேண்டும். எங்கள் வீடுகளில் நீரிழிவு இல்லாத வீடு எது, ஆகவே இதை முதலாவதாக எழுதுகிறேன். வேறு கண் நோய் உள்ளவர்களும் அப்படியே. மனநிலை ஒரு காலத்தில் மிகத் தாழ்ந்தும் இன்னொரு காலத்தில் அளவுக்கு மீறி ஏறியும் போகிற இருமுனைய நோய் உள்ளவர்களை இந்த வெளிச்சம் மறுபக்கம் தூக்கி எறிந்துவிடலாம், அவர்கள் மருத்துவரின் கண்காணிப்பில் மட்டும். லிதியம், சிலவகை அன்ரிபயோற்றிக் குளிசைகள், சென்ற் ஜோன்ஸ் வோர்ட் என்ற மூலிகை ஆகியவற்றை எடுப்பவர்கள் மருந்துக்கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வாங்கும்போது பெட்டியில் 10,000 லக்ஸ் என்று பெரிதாகப் போட்டிருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை சென்ரிமீற்றர் தூரத்தில் 10,000 என்பதுதான் கேள்வி. கைபேசி அளவு சின்ன விளக்குகள் 15 சென்ரிமீற்றரில்தான் அந்த அளவைத் தரும், அதாவது மூக்கை முட்டவேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் ஏறத்தாழ நாலில் ஒன்றாகிவிடும். பெரிய முகமுள்ள, 30 முதல் 40 சென்ரிமீற்றரில் 10,000 தரும், புற ஊதாக் கதிரை வடிகட்டும் வெள்ளை விளக்காகப் பாருங்கள். நீல விளக்கு, கலர் விளக்கு ஒன்றும் தேவையில்லை. வேலைத்தலக் காப்புறுதியில் டொக்டரின் கடிதத்தோடு காசு திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள், சிலருக்குக் கிடைத்திருக்கிறது.

பாவிக்கும் முறை இதுதான். எழும்பி ஒரு மணித்தியாலத்துக்குள், தினமும் ஒரே நேரம், 30 நிமிடம். விளக்கு முகத்துக்கு நேரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே. அதையே உற்றுப் பார்க்கக்கூடாது. கண் திறந்திருக்க வெளிச்சம் கண்ணுக்குள் போகவேண்டும், அவ்வளவுதான். கண்ணை மூடித் தியானம் செய்தால் பலனில்லை, தோலில் பட்டும் பலனில்லை.

நான் செய்வது: குசினி மேசையின் இடது மூலையில் விளக்கு. மகனின் பள்ளிக்கூட அடிமட்டத்தால் 40 சென்ரிமீற்றர் அளந்து, கதிரையில் இருந்தால் முகம் வரும் இடத்துக்கு நேரே மேசையில் ஒரு துண்டு ரேப் ஒட்டியிருக்கிறேன். கோப்பை அந்த ரேப்பில் இருக்கும். ஐந்தேமுக்காலுக்கு விளக்கைப் போட்டுவிட்டு, தேத்தண்ணி குடித்து, பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிக்கு வெங்காயம் உரித்து முடிய அரை மணித்தியாலம் சரி. உரித்துக்கொண்டே இருப்பதால் நேரம் போவது தெரியாது. முதல் நாள் இவர் நித்திரைக் கண்ணோடு எழும்பி வந்து குசினி வாசலில் நின்று, "இதென்ன, விடியக்காத்தாலை வெல்டிங் நடக்குதோ?" என்றார். இப்போது குளிர்காலத்தில் அவருடைய கதிரையும் அந்தப் பக்கம்தான்.

பலன் சிலருக்கு நாலைந்து நாளில், பெரும்பாலானவர்களுக்கு இரண்டு கிழமைக்குள் தெரியும். தலையிடி, கண் கூச்சம், ஒருவித பதற்றம் வந்தால் 10 நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள், அல்லது கொஞ்சம் தள்ளி இருங்கள். பின்னேரம் போடாதீர்கள், இரவு நித்திரை போய்விடும். நன்றாக இருக்கிறதென்று தை மாதத்தில் நிறுத்தினால் சில நாளில் பழையபடி. இரண்டு, மூன்று கிழமை ஒழுங்காகச் செய்தும் மாற்றமில்லையென்றால் விளக்கோடு மல்லுக்கட்டாமல் டொக்டரிடம் போங்கள்.

இரவு வேலை செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். காலை ஏழுக்கு வந்து படுக்கிறவர் அந்த நேரம் விளக்குப் போட்டால் நித்திரை குழம்பும். மத்தியானம் ஒன்றரைக்குள் எழும்பி, எழும்பின கையோடு வெளியே போனால் இருட்டுமுன் மூன்று மணித்தியாலம் கிடைக்கும். அதை விட்டால் முழு நாளும் சூரியனைக் காணாமல் போகும். மாறி மாறி ஷிஃப்ற் போகிறவர்கள் டொக்டரோடு இருந்து தனியாகத் திட்டம் போடுவதுதான் சரி.

ஐந்தாம் படி: நித்திரையைக் கட்டிப்போடுங்கள்

கூடப் படுத்தால் களைப்புப் போகும் என்று நினைப்போம். குளிர்கால வகையில் அது கடன் வாங்கிக் கடன் அடைக்கிற மாதிரி. சனி ஞாயிறு பதினொரு மணிவரை படுத்தால் காலை வெளிச்சம் முழுக்கக் கைவிட்டுப் போய், உடம்புக் கடிகாரம் இன்னும் பின்னுக்குத் தள்ளும், திங்கள் காலை எழும்ப முடியாது. வார நாளை விட ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்த விடாதீர்கள்.

இரவு கைபேசியை வைக்கச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள். எங்கள் வீடுகளில் அதற்குள் ஒரு தனிக் காரணம் இருக்கிறது: ஊர் அழைப்பு. குளிர்காலத்தில் யாழ்ப்பாணம் எங்களை விடப் பத்தரை மணித்தியாலம் முந்தி. இரவு பத்தரைக்கு இங்கே படுக்கப்போகும் நேரம் அங்கே காலை ஒன்பது, எல்லோரும் ஆறுதலாகக் கதைக்கிற நேரம். ஆரம்பித்தால் பன்னிரண்டு மணி. நான் அம்மாவின் அழைப்பைக் காலைக்கு மாற்றினேன். இங்கே ஏழேமுக்காலுக்கு, விடிகிற நேரம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நடந்துகொண்டே எடுப்பேன். அங்கே ஆறேகால், விளக்கு வைக்கிற நேரம். அம்மா விளக்குக் கொளுத்துகிற சத்தம் கேட்கும், எனக்கு வீதியின் கடைசியில் வானம் வெளுக்கும். நடையும் நடந்தாயிற்று, வெளிச்சமும் கிடைத்தாயிற்று, அம்மாவுக்கும் திருப்தி. இந்த ஒன்றை மாற்றினதில் எனக்குக் கிடைத்தது வேறு எதிலும் கிடைக்கவில்லை என்றே சொல்வேன்.

ஆறாம் படி: சாப்பாடு, விட்டமின், சாராயம்

சுருக்கமாகச் சொல்கிறேன். பாணும் சோறும் கேட்கிற ஆசை உங்கள் பலவீனமில்லை, இந்த நோயின் குணம். முற்றாக மறுத்தால் இரவு பத்துக்கு மிக்சர் பைக்கற் காலி. காலையில் முட்டை, கடலை, பயறு என்று புரதம் கொஞ்சம் சேர்த்தால் பின்னேர ஆசை ஓரளவு அடங்கும். எனக்கு அடங்கியது.

விட்டமின் டி பற்றி எங்கள் ஆட்கள் ஒரு பெரிய நம்பிக்கை வைத்திருக்கிறார்கள். 1988-இல் வெளியான ஓர் ஆய்வின்படி பொஸ்ரன் நகரில் நவம்பர் முதல் பெப்ரவரி வரை வெயிலில் நின்றாலும் தோலில் விட்டமின் டி உண்டாகவில்லை. ரொறன்ரோ அதற்கும் கொஞ்சம் வடக்கே. எங்கள் கறுப்புத் தோலுக்குக் கோடையிலும் கூடுதலான நேரம் வெயில் தேவை. ஆகவே குறைவு இருக்க வாய்ப்பு அதிகம். கனடாவின் பரிந்துரை 70 வயது வரை நாளொன்றுக்கு 600 அலகு, அதற்கு மேல் 800. எலும்புக்காக எடுங்கள். ஆனால் குளிசை மட்டும் இந்த மனச்சோர்வை மாற்றும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. வெளிச்சப் பெட்டி விட்டமின் டி தராது, விட்டமின் டி வெளிச்சம் தராது. இரண்டும் இரண்டு வேலை. மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் பி12-ஐயும் பார்க்கச் சொல்லுங்கள்.

கராஜுக்குள் ஹீற்றர் போட்டு, போத்தலைத் திறந்து, சனிக்கிழமையைப் போக்குகிற ஆண்களைத் தெரியும். குடித்தால் நித்திரை வரும், ஆனால் நடுச்சாமத்தில் கலைக்கும், மறுநாள் மனம் இன்னும் தாழும். குளிர்காலத்தில் மட்டும் குடி கூடுகிறதென்றால், அது அவர்களுக்கு வந்திருக்கும் இதே வருத்தமாக இருக்கலாம். ஆண்கள் அழமாட்டார்கள், போத்தலோடு இருப்பார்கள். மனைவிமாருக்கு இதைச் சொல்கிறேன்.

ஏழாம் படி: மனம் வரும்வரை காத்திருக்காதீர்கள்

"மனம் வந்தால் போவம்" என்ற வசனம் குளிர்காலத்தில் வேலை செய்யாது. மனம் வராது. முதலில் கால் போக, மனம் பின்னால் வரும். அதனால் போகாவிட்டால் இன்னொருவருக்கு இடைஞ்சல் வருகிற மாதிரி ஒழுங்கு செய்யுங்கள். பட்மின்ரனுக்கு நாலாவது ஆளாகச் சேருங்கள், ஒரு மூதாட்டியைக் கோயிலுக்கு ஏற்றிப்போக ஒப்புக்கொள்ளுங்கள். நீங்கள் போகாவிட்டால் அவர் வாசலில் நிற்பார் என்ற நினைப்பு கட்டிலை விட்டு எழுப்பும்.

திருவெம்பாவை நாட்கள் வருவது சரியாக இந்த இருட்டின் அடியில். ஊரில் விடியமுன் சங்கும் சேமக்கலமும் வீதியால் வந்து எழுப்பும். இங்கே ஸ்காபரோவில் வீதியால் வராது, ஆனால் கோயில்களில் விடியற்காலைப் பூசை உண்டு. பக்தி உள்ளவர்களோ இல்லாதவர்களோ, பத்து நாள் தொடர்ந்து ஒரே நேரம் எழும்பி, குளித்து, ஆட்களுக்கு நடுவே நின்று, விடிகிறபோது வெளியே வருவது நான் மேலே எழுதின பாதிப் படிகளை ஒன்றாகச் செய்த கணக்கு.

வெர்மொன்ற் பல்கலைக்கழகத்தில் கெலி ரோகன் என்பவரின் குழு 177 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஆறு கிழமை வெளிச்ச சிகிச்சையும் மற்றப் பகுதிக்கு குளிர்காலத்துக்கென அமைத்த எண்ணப் பயிற்சியும் (மனத்தைத் தாழ்த்தும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை, ஆங்கிலத்தில் CBT) கொடுத்தது. 2016-இல் வெளியான முடிவின்படி, இரண்டாவது குளிர்காலத்தில் வெளிச்சப் பகுதியில் 100-க்கு 46 பேருக்கும், எண்ணப் பயிற்சிப் பகுதியில் 27 பேருக்கும் நோய் திரும்பியது. விளக்கைத் தொடர்ந்து போடாமல் விடுகிறோம், பழகின எண்ணம் கூட வருகிறது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். என்ன எண்ணம்? என்னுடையது, "இருட்டிட்டுது, இனி என்ன, நாள் முடிஞ்சுது." நாலே முக்காலுக்கு இதைச் சொல்லி ஐந்து மணிக்கு இரவு உடுப்பை மாற்றிவிடுவேன். மாற்றினால் பிறகு ஒருவரும் வெளியே இழுக்க முடியாது. இப்போது எட்டரைக்கு முன் இரவு உடுப்பு இல்லை என்பது வீட்டுச் சட்டம். சின்ன விசயம்தான், ஆனால் மூன்றரை மணித்தியாலம் திரும்பக் கிடைத்தது.

எட்டாம் படி: எப்போது டொக்டர்

இரண்டு கிழமைக்கு மேல் பெரும்பாலான நேரம் மனம் தாழ்ந்திருந்தால், வேலைக்குப் போக முடியாமல் போனால், பிள்ளையைப் பார்க்க முடியாமல் போனால், இந்த வழிகாட்டியை மூடிவிட்டு டொக்டரிடம் போங்கள். குழந்தை பெற்று ஒரு வருசத்துக்குள் இருக்கும் தாய்மார் இரண்டு கிழமை கூடக் காத்திருக்கவேண்டாம்.

அங்கே போய் "அலுப்பாயிருக்கு" என்று மட்டும் சொன்னால் இரும்புக் குளிசையோடு திரும்பி வருவீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "மூன்று வருசமாக ஒக்ரோபரில் தொடங்கி ஏப்ரில் வரை இப்படி இருக்கிறது. நாளுக்கு இத்தனை மணித்தியாலம் படுக்கிறேன். இத்தனை கிலோ ஏறியிருக்கிறது. விருப்பமான வேலைகளில் விருப்பம் போய்விட்டது." எழுதிக்கொண்டு போங்கள், அங்கே போனால் நா எழாது. தைரொயிட், இரத்தக்குறைவு, நீரிழிவு ஆகியவற்றையும் இதே அறிகுறிகள் காட்டும், அவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். மனச்சோர்வு மருந்துகளும் வேலை செய்யும். பியூப்ரோபியோன் என்ற மருந்தின் ஒரு வகையை, குளிர்கால மனச்சோர்வு வராமல் தடுப்பதற்கென்றே அமெரிக்கா 2006-இல் அனுமதித்தது. மருந்து எடுத்தால் ஊரில் என்ன சொல்வார்கள் என்று யோசிக்கிறவர்கள், பிரஷர் குளிசைக்கு ஊரில் என்ன சொல்கிறார்கள் என்பதையும் யோசியுங்கள். ஒன்ராறியோவில் அரச செலவில் எண்ணப் பயிற்சி சிகிச்சை உண்டு, டொக்டரிடம் கேளுங்கள். 211-க்கு எடுத்தால் உங்கள் பகுதியில் என்ன உதவி இருக்கிறதென்று சொல்வார்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கேட்கலாம்.

வாழ்ந்து என்ன பயன், செத்தால் நல்லது என்ற நினைப்பு ஒருதரம் வந்தாலும் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். கனடாவில் 988 என்ற இலக்கம் இரவு பகல் எந்நேரமும் திறந்திருக்கும், பேசலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். உடனடி ஆபத்தென்றால் 911. பிரித்தானியாவிலும் நோர்வேயிலும் 116 123. தமிழ்நாட்டில் 14416, அங்கே தமிழிலேயே பேசலாம். பக்கத்து வீட்டில் ஒருவர் இப்படிச் சொன்னால், "அப்படியெல்லாம் நினைக்காதை" என்று வாயை மூடாமல், அவரோடு இருந்து அந்த இலக்கத்தை நீங்களே அழுத்துங்கள்.

மார்ச்சில் ஒரு கண்ணி

மார்ச் இரண்டாம் ஞாயிறு மணிக்கூட்டை முன்னுக்கு வைப்பார்கள். மாலை திடீரென்று நீளும், எல்லோரும் குளிர்காலம் முடிந்ததென்று கொண்டாடுவார்கள். ஆனால் அந்தக் கிழமை விடியல் மறுபடி ஏழரைக்குப் பின்னால் போகும். ஆறு மணிக்கு எழும்புகிறவருக்கு அது தை மாதக் காலைதான். நான் இரண்டு தடவை அந்த ஞாயிறோடு விளக்கை எடுத்து வைத்து, மார்ச் கடைசியில் மறுபடி விழுந்தேன். இப்போது ஏப்ரில் நடுப்பகுதி வரை போடுகிறேன், கடைசி இரண்டு கிழமையில் முதலில் 20 நிமிடம், பிறகு 10.

சித்திரைப் பிறப்பு முடிந்த ஞாயிறு விளக்கைத் துடைத்து, வயரைச் சுற்றி, வந்த பெட்டியிலேயே வைப்பேன். பேஸ்மென்ற்றுக்குப் போனால் ஒருவரும் எடுக்கப் போகமாட்டோம், அதனால் குசினி அலுமாரியில், புட்டுப் பானைக்குப் பக்கத்தில் இடம். பெட்டியின் மேல் ஒரு ரேப் துண்டு. அதில் மார்க்கரால் எழுதியிருக்கிறது: செப்ரெம்பர் 20.